ஹைபர்நேட்டில் இருந்து எழுந்த லேப்டாப்: படம் இல்லை, சத்தம் இல்லை

காலையில் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுத்தும் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கருப்பு. இல்லாவிட்டால் திரை ஒழுங்காக வந்துவிடுகிறது, நேற்று விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரு வீடியோவைப் போட்டால் சத்தம் வரவில்லை. ஒலி அளவை நூறுக்கு ஏற்றினாலும் ஊமைதான்.

இதற்கு இணையத்தில் தீர்வு தேடினால் பட்டியல்கள்தான் கிடைக்கும். பதினைந்து வழிகள், இருபது வழிகள். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்தால் ஏதோ ஒன்றில் சரியாகிவிடும். எதில் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடி வரும். எனக்கு அந்தப் பட்டியல்கள் மேல் நம்பிக்கை இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வழிகளைத் தொடவே வேண்டியதில்லை. கொஞ்சநாளாக இதை நோண்டிப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள் இவை. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. கடைசியில் லினக்ஸ் கொஞ்சம் வரும்.

முதலில் ஹைபர்நேட். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. கணினி எந்த அளவுக்கு விழித்திருக்கிறது, எந்த அளவுக்குத் தூங்குகிறது என்பதற்கு அதில் எண் கொடுத்திருக்கிறார்கள். எஸ்3 என்பது நாம் சொல்லும் ஸ்லீப். ரேமுக்கு மட்டும் துளி மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் சட்டென்று எழுந்துவிடும். எஸ்4 என்பது ஹைபர்நேட். இது கும்பகர்ணன் தூக்கம். ரேமில் இருந்ததை டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டு மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடும். விண்டோஸில் அந்தக் கோப்பு சி டிரைவிலேயே மறைவாக இருக்கும். சுருக்கி எழுதுவதால் ரேம் அளவுக்கு இடம் தேவையில்லை. விண்டோஸ் 10-இல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம் ஒதுக்குவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். காப்பாற்றப்படுவது ரேமில் இருந்தது. ஒலிச் சிப்புக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் சொந்தமாக ஒரு நினைவு உண்டு. எந்த ஸ்பீக்கர் திறந்திருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு, திரையின் பின்விளக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கெல்லாம் அந்தந்தச் சிப்புக்குள்தான் இருக்கும். மின்சாரம் போனதும் அத்தனையும் அழிந்துவிடும்.

ஆக, காலையில் எழும்போது இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவர் விண்டோஸ். அவருக்கு நேற்று ராத்திரி வரை நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, திரை வெளிச்சம் பாதியில் இருந்தது என்று நினைத்துக்கொண்டே எழுகிறார். இன்னொருவர் வன்பொருள். அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இந்த இருவருக்கும் நடுவில் நின்று, நேற்றைய கணக்கை மறுபடி அந்தச் சிப்புக்குள் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டியவர் டிரைவர். ஒரே ஒரு கணக்கை விட்டுவிட்டாலும், சிப்பு தயாராவதற்கு ஒரு கணம் முந்தி எழுதிவிட்டாலும், அந்தப் பகுதி ஊமையாகவோ குருடாகவோ நின்றுவிடும். ஐந்து முறை எழுந்தால் ஒரு முறை மட்டும் கோளாறு வருவதும் இதனால்தான். இந்த முந்துதல் பிந்துதல் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி அமைவதில்லை.

கீபோர்டுக்கும் மவுஸுக்கும் இந்தப் பிரச்சினை அவ்வளவாக வருவதில்லை, அவை எளிய சாதனங்கள். ஒலியும் திரையும் ஒரே சிப்பு கிடையாது, சங்கிலி. ஒரு கண்ணி எழாவிட்டால் மொத்தமும் போச்சு.

"நான் ஹைபர்நேட்டே பண்றதில்லையே, மூடிதானே வைக்கிறேன்?" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் பண்ணாவிட்டாலும் அது பண்ணும். மூடி வைத்த லேப்டாப் முதலில் ஸ்லீப்புக்குப் போகிறது. சில மணி நேரம் கழிந்தாலோ, பேட்டரி இறங்கினாலோ அதுவே ஹைபர்நேட்டுக்கு மாறிக்கொள்கிறது. மதியம் மூடித் திறந்தால் நன்றாக இருக்கிறது, ராத்திரி மூடிக் காலையில் திறந்தால் கோளாறு என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழி இன்னும் தந்திரமானது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஷட் டவுன் என்பது பழைய ஷட் டவுன் இல்லை. நீங்கள் திறந்து வைத்த செயலிகளை மூடுகிறது, உங்கள் கணக்கில் இருந்து வெளியேறுகிறது. ஆனால் விண்டோஸின் உட்கருவையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி ஹைபர்நேட் பண்ணிவிடுகிறது. மறுநாள் ஆன் பண்ணினால் எழுவது நேற்றைய அதே உட்கரு, நேற்றைய அதே டிரைவர். நேற்று குழம்பிப்போன டிரைவர் இன்றும் குழம்பித்தான் எழும்.

ரீஸ்டார்ட் அப்படி இல்லை. அது எல்லாவற்றையும் கீழே இறக்கி முதலில் இருந்து ஏற்றும். டிவி, செட்டாப் பாக்ஸ் என்றால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பது நம் கைவைத்தியம். ஷட் டவுன்தான் பெரிய வைத்தியம், ரீஸ்டார்ட் சின்னது என்று லேப்டாப்பிலும் நினைத்துக்கொள்கிறோம். விண்டோஸில் இது தலைகீழ். சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தட்டி, அப் டைம் என்ற இடத்தைப் பாருங்கள். தினமும் ஷட் டவுன் பண்ணுகிறவர்களுக்கும் அங்கே பல நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். உட்கரு அத்தனை நாளாக உண்மையில் அணையவே இல்லை என்று அர்த்தம். முழுசாக அணைக்க வேண்டுமானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைத் தட்ட வேண்டும்.

சரி, இப்போது கருப்புத் திரை. இங்கே அவசரப்பட்டால் நஷ்டம் அதிகம்.

எல்லோரும் முதலில் செய்வது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. அதைக் கடைசிக்கு வையுங்கள். லேப்டாப் எழுந்துவிட்டது என்றால் டிஸ்கில் எழுதி வைத்த கோப்பு பயன்படுத்தப்பட்டுவிட்டது, இனி அது செல்லாது. சேமிக்காத வேலை இப்போது ரேமில் மட்டும்தான் இருக்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்தால் அதுவும் போய்விடும்.

உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் விழித்திருக்கிறது, திரைதான் வரவில்லை. அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்க வைக்கும், திறந்திருக்கும் வேலைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பீப் சத்தம் கேட்கும், திரை ஒரு முறை மின்னி வரும். பாதிக்கு மேற்பட்ட கேஸ் என் அனுபவத்தில் இதிலேயே முடிந்துவிட்டது. அந்த பீப் இன்னொரு சேதியும் சொல்கிறது: ஸ்பீக்கர் வேலை செய்கிறது.

அப்படியும் வரவில்லையா? விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்திப் பாருங்கள். நேற்று ஆபீசில் மானிட்டரில் இணைத்திருந்தால், இன்றும் அந்த மானிட்டருக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டும் விசையையும் நாலு முறை தட்டுங்கள். பவர் பட்டனை லேசாக ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலான லேப்டாப்கள் ஸ்லீப்புக்குப் போகும். மறுபடி தட்டி எழுப்பினால் டிரைவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது, சில நேரம் அதில் சரியாகிவிடும். எதுவும் ஆகவில்லை என்றால் வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகி வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் குருட்டாம்போக்கில் செய்யலாம். என்டர் தட்டி, பின் நம்பரை அடித்து, மறுபடி என்டர், பத்து விநாடி பொறுத்துக் கண்ட்ரோல் எஸ். ஏற்கெனவே பெயர் வைத்துச் சேமித்த கோப்பு முன்னால் திறந்திருந்தால் இது போதும். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு முனைவர் பட்ட மாணவர் போன வருஷம் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் திறந்தால் திரை வரவில்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "டிஸ்ப்ளே போயிடுச்சு தம்பி, பேனல் மாத்தணும்" என்று சொல்லி 6500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். உதவித்தொகை வந்து மூன்று மாதம் ஆகிறது, அந்தப் பணம் அவரிடம் இல்லை. ஆய்வேட்டின் ஒரு இயல் பாதி எழுதியபடி வேர்டில் திறந்து கிடக்கிறது. அதனால் பவர் பட்டனைத் தொடவே பயந்துபோய், கடையிலும் தொடவிடாமல், சார்ஜரோடு ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை அப்படியே கொண்டு வந்திருந்தார். "அண்ணா, பேனல் போனாலும் பரவால்ல, அந்த ஃபைல் வேணும்" என்றார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காலையில் ஆன் பண்ணியதும் கம்பெனி லோகோ வந்ததா? "வந்துச்சு, அதுக்கப்புறம்தான் கருப்பாயிடுச்சு" என்றார். இந்தப் பதிலிலேயே பேனல் பிழைத்துவிட்டது. ஹைபர்நேட்டில் இருந்து எழும்போது லேப்டாப் ஃபர்ம்வேர் வழியாகப் புதிதாகத்தான் துவங்குகிறது. லோகோவைக் காட்டுவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் அந்த ஃபர்ம்வேர். லோகோ தெரிந்தது என்றால் பேனல், பின்விளக்கு, நடுவில் உள்ள கேபிள் மூன்றும் அந்த நேரத்தில் வேலை செய்திருக்கின்றன. விண்டோஸ் பொறுப்பெடுத்துக்கொண்ட பிறகு கருப்பானால் சந்தேகம் முதலில் டிரைவர் மேல்தான் போக வேண்டும்.

செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தோம். மங்கலாக வேர்டு பக்கம் தெரிந்தது. படம் இருக்கிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை. எல்சிடி திரைகளில் இந்த டார்ச் சோதனை நன்றாக வேலை செய்யும். ஓஎல்இடி திரைகளுக்குத் தனியாகப் பின்விளக்கு கிடையாது என்பதால் அங்கே பயன்படாது. டார்ச் வெளிச்சத்திலேயே கண்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமித்தோம். நான்கு விசை வைத்தியத்துக்கு அது அசையவில்லை. ரீஸ்டார்ட் பண்ணியதும் திரை பளிச்சென்று வந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் அதற்கு முன்பே பார்த்திருந்தால் எத்தனை நாள் கணக்கு இருந்திருக்கும் என்று அவரே சிரித்தார், ஏனென்றால் அவர் தினமும் ஒழுங்காக ஷட் டவுன் பண்ணுகிறவர்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கருப்புத் திரையோடு வரும் லேப்டாப்பில் நிஜமாகவே பேனல் போனவையும் நிறைய இருக்கும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் வேலையைச் சேமித்துவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, பயாஸ் பக்கத்துக்குள் போய் அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அந்தப் பக்கம் அரை மணி நேரம் மின்னாமல் அணையாமல் நின்றால் பேனலை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் கருப்பு என்றால் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம்.

ஒலிக்கு வருவோம். இங்கே அவசரம் இல்லை, வேலை எதுவும் அழியாது. முதலில் பார்க்க வேண்டியது அற்பமான ஒன்று. எழுந்த பிறகு விண்டோஸ் ஒலியை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். மானிட்டருக்கோ, பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட்டுக்கோ. விண்டோஸ் 11-இல் ஒலிப் படத்தைத் தட்டினால் அளவுக் கோட்டின் பக்கத்தில் ஒரு அம்பு இருக்கும், அதில் சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கலாம். பிரவுசரில் பழைய பக்கம் நேற்றைய ஒலி இணைப்பையே பிடித்துக்கொண்டு தொங்குவதும் உண்டு. அந்தப் பக்கத்தை மூடிப் புதிதாகத் திறங்கள்.

பிறகு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். ஹெட்போனில் சத்தம் வருகிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் வரவில்லை என்றால் அது ஒரு நல்ல தடயம். புது லேப்டாப்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு என்று தனி ஆம்ப்ளிஃபயர் சிப்பு இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் எரிந்துபோகாமல் எவ்வளவு தள்ளலாம் என்று கணக்குப் போடும் புத்திசாலிச் சிப்பு அது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அதற்கு அந்த மாடலுக்கான அமைப்புகளை ஏற்றிவிட வேண்டும். அந்த ஏற்றம் தவறினால் ஹெட்போன் பாடும், ஸ்பீக்கர் பாடாது. இதற்கு லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் ஒலி டிரைவரைத்தான் போட வேண்டும். பொதுவான டிரைவருக்கு உங்கள் ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ரெண்டிலும் சத்தம் இல்லையென்றால், ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடி, விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர் என்பதை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அதை நம்பியிருக்கும் விண்டோஸ் ஆடியோவும் கூடவே புதிதாகத் துவங்கும். அதிலும் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தை டிசேபிள் பண்ணி, மறுபடி எனேபிள் பண்ணுங்கள். டிரைவர் சிப்புக்கு முதலில் இருந்து கணக்கு எழுத இதுதான் வழி. ரீஸ்டார்ட் செய்யாமலே ரீஸ்டார்ட்டின் பலன், அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும்.

நிரந்தரத் தீர்வு என்று பார்த்தால் நான் முதலில் கைவைப்பது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்தால், கீழே மங்கலாகத் தெரியும். மேலே இருக்கும் இணைப்பைத் தட்டி அனுமதி கொடுத்தபின் டிக்கை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில் இதனால் இழப்பது சில விநாடிகள்தான். அதே பக்கத்தில் ஹைபர்நேட் என்பதற்கு டிக் போடுங்கள். பவர் மெனுவில் அது வந்துவிடும், வேண்டும்போது தூங்க வைத்துச் சோதிக்கலாம்.

சோதிப்பது முக்கியம். ஐந்தில் ஒரு முறை வரும் கோளாறை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மாற்றம் செய்யுங்கள், பத்து முறை ஹைபர்நேட் பண்ணி எழுப்புங்கள், ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிறகு அடுத்த மாற்றம். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றும்போது இன்னொன்றும் கவனிக்கணும்: இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் பெரும்பாலும் திரை இணைந்திருப்பது பிராசசரோடு வரும் இன்டெல் அல்லது ஏஎம்டி பகுதியில். என்விடியா டிரைவரைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் அந்த இன்னொன்றைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் கோளாறு தொடங்கியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பட்டன் உண்டு. அது மங்கலாக இருந்தால் பழையது எதுவும் மிச்சம் இல்லை.

லினக்ஸில் இந்த நாடகத்துக்கு இன்னொரு பாத்திரம் கூடுதல். அங்கே ஹைபர்நேட்டில் இருந்து எழும்போது முதலில் ஒரு புதுக் கெர்னல் துவங்கி, சாதனங்களில் சிலவற்றைத் தன் பாட்டுக்குத் தயார் செய்து, பிறகு ஸ்வாப்பில் இருக்கும் பழைய நினைவை ஏற்றிப் பழைய கெர்னலிடம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். பழையவர் வந்து பார்த்தால் சாமான்கள் இடம் மாறியிருக்கும். ஒலி மட்டும் போனால் பைப்வயர் சேவையை ரீஸ்டார்ட் பண்ணினால் பல சமயம் போதும். என்விடியா உள்ளவர்களுக்குத் திரையில் எழுத்துகள் சிதறி, சன்னல்கள் கோலம் போட்ட மாதிரி எழுந்தால், வீடியோ நினைவகம் முழுசாகச் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். அதைக் காப்பாற்றச் சொல்லும் ஒரு அமைப்பு என்விடியா டிரைவரிலேயே இருக்கிறது, அதோடு அதன் ஹைபர்நேட், ரெஸ்யூம் சேவைகளையும் இயக்கி வைக்க வேண்டும். ஹைபர்நேட் என்ற தேர்வே வரவில்லை என்றால் செக்யூர் பூட் தடுத்துக்கொண்டிருக்கலாம். பல விநியோகங்களில் அப்படித்தான்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். பாதி தூங்கும் விண்டோஸின் பகுதியில் லினக்ஸில் இருந்து கோப்பு எழுதினால் தரவு கெட்டுப்போகும். அப்புறம் இவர்களுக்கு மட்டும் நான் மேலே சொன்ன வைத்தியம் திரும்பிப்போகும் ஒரு இடம் உண்டு. விண்டோஸில் இருந்து நேராக ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் போனால் சில லேப்டாப்களில் ஒலி வராது. ரீஸ்டார்ட்டில் மின்சாரம் முழுசாக அறுவதில்லை, விண்டோஸ் எழுதிவிட்டுப் போன கணக்கோடேயே ஒலிச் சிப்பு உட்கார்ந்திருக்கும். அங்கே ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, ஆன் பண்ண வேண்டும்.